ஸ்கூல் ரோபோட்டிக்ஸ் போட்டி: ரோபோவுக்கு எவ்வளவு மார்க், கோடிங்குக்கு எவ்வளவு? முழு விளக்கம்

மொத்தம் 150 விநாடி. அந்த இரண்டரை நிமிடத்தில் ஒரு லெகோ ரோபோ மேசை மேல் ஓடுகிறது, எதையோ தள்ளுகிறது, எதையோ தூக்குகிறது, சில நேரம் நடுவழியில் சுவரில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. பார்க்கிற பெற்றோருக்கு இதுதான் போட்டி. உண்மையில் இது போட்டியில் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு மார்க், பெற்றோர் பார்க்காத ஓர் அறையிலும், பலர் கவனிக்காத சில நடத்தைகளிலும் இருக்கிறது.

அலுவலகத்திலிருந்து வாலன்டியராகப் போகிறவர்கள், அக்கா மகனுக்கு 'கொஞ்சம் கோடிங் சொல்லிக்கொடு' என்று கேட்கப்படுகிறவர்கள், அப்பார்ட்மென்ட் குழந்தைகளின் டீமுக்கு மென்டாராக மாட்டிக்கொண்டவர்கள் என ஐடி, இன்ஜினியரிங் துறைகளில் இருக்கும் பலருக்கு இன்று இந்தக் கேள்வி வருகிறது: இந்த புராஜெக்ட்டில் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும், அதற்கு எப்படி மார்க் போடுகிறார்கள்?

உலக அளவில் பெரிய பள்ளி ரோபோட்டிக்ஸ் போட்டிகளில் ஒன்றான 'ஃபர்ஸ்ட் லெகோ லீக் சேலஞ்ச்' போட்டியை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம்.

இது என்ன போட்டி?

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய அமைப்பு 'ஃபர்ஸ்ட்'. அது லெகோ நிறுவனத்துடன் சேர்ந்து 1998-இல் உருவாக்கியது இந்த லீக். இந்தியாவில் இதை 'இந்தியா ஸ்டெம் ஃபவுண்டேஷன்' நடத்திவருகிறது.

இதில் வயதுக்கு ஏற்ப மூன்று பிரிவுகள். அவற்றில் 9 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது 'சேலஞ்ச்' பிரிவு. வயது வரம்பு நாட்டுக்கு நாடு சற்று மாறும். ஒரு டீமில் குறைந்தது 2 பேர், அதிகபட்சம் 10 பேர்.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு தீம். 2022-23 சீசனில் ஆற்றல், 2023-24-இல் கலைகள், 2024-25-இல் கடல் ஆய்வு, 2025-26-இல் தொல்லியல். மேசையில் விரிக்கும் மேட், அதன் மேல் வைக்கும் லெகோ மாடல்கள், ரோபோ முடிக்க வேண்டிய 'மிஷன்கள்' எல்லாம் அந்தத் தீமுக்கு ஏற்ப மாறும். மார்க் போடும் அடிப்படை மட்டும் சில சீசன்களாகப் பெரிதாக மாறவில்லை.

மொத்த மார்க் எப்படிப் பிரிகிறது?

நான்கு பகுதிகள். சாம்பியன் பரிசுக்கு நான்குக்கும் சம எடை:

- ரோபோ பெர்ஃபார்மன்ஸ்: மேசையில் ரோபோ எடுக்கும் புள்ளிகள். 25 சதவீதம்.
- ரோபோ டிசைன்: ரோபோவையும் புரோகிராமையும் எப்படி உருவாக்கினார்கள் என்ற விளக்கம். 25 சதவீதம்.
- இன்னோவேஷன் புராஜெக்ட்: தீம் தொடர்பான ஒரு நிஜப் பிரச்சினைக்குத் தீர்வு. 25 சதவீதம்.
- கோர் வேல்யூஸ்: டீமாக எப்படி வேலை செய்கிறார்கள், மற்ற டீம்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள். 25 சதவீதம்.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? 'கோடிங்' என்று தனியாக ஒரு தலைப்பே கிடையாது. ஆனால் கோடிங்குக்கு இரண்டு இடத்தில் மார்க் வருகிறது. புரோகிராம் சரியாக ஓடினால் மேசையில் புள்ளி. அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்று பிள்ளைகள் சொல்ல முடிந்தால் ஜட்ஜ் அறையில் மார்க். முதலாவதை வெளியிலிருந்து ஒருவர் எழுதிக் கொடுத்தும் வாங்கிவிடலாம். இரண்டாவதை வாங்க முடியாது.

ரோபோவுக்கு என்னென்ன கட்டுப்பாடுகள்?

மேசையின் உட்புற அளவு சுமார் 2.36 மீட்டர் நீளம், 1.14 மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் ரோபோ கிளம்பும் 'லாஞ்ச்' பகுதிகள் இருக்கும். முக்கியமான விதிகள் இவை:

- ரோபோ முழுக்க லெகோ பாகங்களால் ஆனதாக இருக்க வேண்டும். பசை, டேப், த்ரீடி பிரின்ட் செய்த பாகங்கள் கூடாது.
- ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு கன்ட்ரோலர்.
- மோட்டார் அதிகபட்சம் 4.
- அனுமதிக்கப்பட்ட வகை சென்சார்களை எத்தனை வேண்டுமானாலும் பொருத்தலாம்.
- ரிமோட் கன்ட்ரோல் கிடையாது. லாஞ்ச் பகுதியை விட்டுக் கிளம்பியதும் ரோபோ தன் புரோகிராமை மட்டும் நம்பி ஓட வேண்டும்.
- புரோகிராமை எந்த சாஃப்ட்வேரிலும் எழுதலாம். பிளாக் கோடிங்கா பைத்தானா என்பதற்குத் தனி மார்க் இல்லை.

'சென்சார் எத்தனை வேண்டுமானாலும்' என்பதில் ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. பல டீம்கள் பயன்படுத்தும் ஸ்பைக் பிரைம் ஹப்பில் மொத்தம் 6 போர்ட்தான். 4 மோட்டார் போட்டால் மிச்சம் 2. ஆக, இரண்டு கலர் சென்சார் வைப்பதா, ஒரு கலர் சென்சாரும் ஒரு தூர சென்சாரும் வைப்பதா என்று டீம் முடிவெடுத்தாக வேண்டும். கைரோ ஹப்புக்குள்ளேயே இருப்பதால் அதற்குத் தனி போர்ட் தேவையில்லை. இந்த முடிவை ஏன் எடுத்தீர்கள் என்பது ஜட்ஜுகள் கேட்கக்கூடிய நல்ல கேள்வி.

பழைய ஈவி3 செட் வைத்திருக்கும் பள்ளிகளும் அதை வைத்து ஆடலாம் என்றே அண்மை சீசன் விதிகள் சொல்கின்றன. புதிய செட் இல்லையென்றால் போட்டியே இல்லை என்று நினைக்க வேண்டியதில்லை.

மேசையில் புள்ளி எப்படி வருகிறது?

ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் உபகரணங்களைப் பார்ப்பார். ரோபோவும் எல்லா அட்டாச்மென்ட்களும் ஒரே லாஞ்ச் பகுதிக்குள், 305 மி.மீ. உயரத்துக்குக் கீழே அடங்கினால், அண்மை சீசன்களில் அதற்கே 20 புள்ளி. ரோபோ ஓர் அங்குலம்கூட நகராமல் கிடைக்கும் புள்ளி இது. அட்டாச்மென்ட்களை இஷ்டத்துக்குப் பெரிதாகக் கட்டும் டீம்கள் முதலில் இழப்பதும் இதைத்தான்.

பிறகு மிஷன்கள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி விதிப் புத்தகத்தில் இருக்கும். பொதுவாக, ஆட்டம் முடியும்போது மேசை எந்த நிலையில் இருக்கிறதோ அதற்குத்தான் புள்ளி. நடுவில் ஒரு மாடலைச் சரியாக வைத்துவிட்டு, கடைசியில் ரோபோ திரும்பும்போது அதைத் தட்டிவிட்டால் அந்தப் புள்ளி போச்சு. நடுவருக்குச் சந்தேகம் வந்தால், முடிவு டீமுக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்பதும் விதி.

வழக்கமாக ஒரு டீமுக்கு மூன்று ஆட்டம். அதில் அதிகபட்சப் புள்ளி மட்டுமே கணக்கு. சராசரி எடுக்க மாட்டார்கள். முதல் ஆட்டத்தில் சொதப்பினாலும் இன்னும் இரண்டு வாய்ப்பு இருக்கிறது. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

டோக்கன் கணக்கு: ரோபோ மாட்டிக்கொண்டால் தூக்கலாமா?

ரோபோ வெளியே மாட்டிக்கொண்டால் கையால் எடுத்து வரலாம். ஆனால் விலை உண்டு. ஆட்டத்தின் தொடக்கத்தில் டீமுக்கு 6 'பிரிசிஷன் டோக்கன்' இருக்கும். ரோபோவை வெளியில் வைத்துத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு டோக்கனை நடுவர் எடுத்துக்கொள்வார். முடிவில் மிச்சமிருக்கும் டோக்கனுக்கு ஏற்பப் புள்ளி:

- 6 அல்லது 5 டோக்கன்: 50
- 4 டோக்கன்: 35
- 3 டோக்கன்: 25
- 2 டோக்கன்: 15
- 1 டோக்கன்: 10
- எதுவும் இல்லை: 0

பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் முறை தூக்குவதற்கு அபராதமே இல்லை. இரண்டாவது முறைக்கு 15 புள்ளி போகும். மூன்றாவதுக்கு 10, நான்காவதுக்கு 10, ஐந்தாவதுக்கு 5, ஆறாவதுக்கு 10. ஆக, எந்த ஒரு தடவையும் 15-க்கு மேல் நஷ்டமில்லை.

ரோபோ மாட்டிக்கொண்டு நிற்கும்போது பயத்தில் தொடாமல் 40 விநாடி பார்த்துக்கொண்டே இருக்கும் டீம்கள் உண்டு. கையில் இன்னும் 30 புள்ளி மிஷன் பாக்கியிருந்தால், 15 புள்ளி கொடுத்து ரோபோவைத் தூக்குவதுதான் லாபம். பதற்றத்தில் இந்தக் கணக்கைப் போட முடியாது. 'எந்த நேரத்தில், எந்த மிஷன் பாக்கியிருந்தால் தூக்குவோம்' என்று முன்பே எழுதி வைத்திருக்கும் டீம் தப்பித்துக்கொள்ளும்.

நேரத்துக்கும் இதே மாதிரி கணக்கு உண்டு. ஒரு டீம் 6 முறை ரோபோவை அனுப்புகிறது, நடுவில் 5 முறை அட்டாச்மென்ட் மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாற்றத்துக்கு 8 விநாடி என்றால் மொத்தம் 40 விநாடி. 150 விநாடியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெறும் மாட்டிக் கழற்றுவதிலேயே போய்விடும். புரோகிராமை வேகமாக்குவதைவிட, ஒரே சொருகலில் மாட்டும் அட்டாச்மென்ட் கட்டுவது பல டீம்களுக்கு அதிகப் புள்ளி தரும்.

சரி, கோடிங்கில் உண்மையில் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

முதல் படி, தூரத்தைக் கணக்கு போட்டுச் சொல்லத் தெரிவது. ஸ்பைக் பிரைம் செட்டின் வழக்கமான சக்கரம் 56 மி.மீ. விட்டம். ஒரு முழுச் சுற்றில் ரோபோ நகர்வது சுமார் 17.6 செ.மீ. 44 செ.மீ. போக வேண்டும் என்றால் இரண்டரைச் சுற்று, அதாவது 900 டிகிரி. 'மூன்று விநாடி முன்னே போ' என்று எழுதினால், பேட்டரி சார்ஜ் குறையும்போது ரோபோ வேறு இடத்தில் நிற்கும். 'இத்தனை டிகிரி சுற்று' என்று எழுதினால் அந்தப் பிரச்சினை பெருமளவு குறையும்.

இரண்டாவது படி, பிழை எங்கே சேர்கிறது என்று தெரிவது. கிளம்பும்போது ரோபோ 1 டிகிரி விலகி நின்றால், 1 மீட்டர் போய்ச் சேரும்போது சுமார் 1.7 செ.மீ. பக்கவாட்டில் தள்ளிப்போயிருக்கும். 3 டிகிரி என்றால் 5 செ.மீ.க்கு மேல். ஒரு லிவரைத் தட்டத் தவற அது போதும். இதைச் சமாளிக்கத்தான் சுவரில் முதுகை மோதி நேராக்குவது, மேட்டில் உள்ள கறுப்புக் கோட்டை கலர் சென்சாரால் பிடித்து நிற்பது, கைரோவை வைத்துத் திரும்புவது போன்ற உத்திகள்.

மூன்றாவது படி, நம்பகத்தன்மை. இங்கேதான் நல்ல டீமும் சுமாரான டீமும் பிரிகிறார்கள். ஒரு பயணத்தில் 5 செயல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 10-க்கு 9 முறை சரியாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தும் சேர்ந்து சரியாக நடக்கும் வாய்ப்பு சுமார் 59 சதவீதம்தான். ஒவ்வொரு செயலும் 100-க்கு 98 முறை சரியாக நடந்தால், அது சுமார் 90 சதவீதமாக உயரும். 'வீட்டில் ஓடிச்சே, இங்கே ஏன் ஓடலை?' என்ற அழுகைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

நான்காவது, கோட் படிக்கிற மாதிரி இருப்பது. 'நேராகப் போ', 'கோட்டில் நில்', 'கைரோ வைத்துத் திரும்பு' என்று ஒருமுறை எழுதிய ஃபங்ஷனைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும். டீமில் வேறொரு பிள்ளை அதை எடுத்து மாற்றவும் முடியும்.

ஜட்ஜ் அறைக்குள் என்ன நடக்கிறது?

டீம் முழுவதும் ஜட்ஜுகள் முன்னால் சுமார் 30 நிமிடம் இருக்கும். ரோபோ டிசைனுக்கு 5 நிமிடம் விளக்கம், 5 நிமிடம் கேள்வி பதில். இன்னோவேஷன் புராஜெக்ட்டுக்கும் அதே மாதிரி. மீதி நேரத்தில் கோர் வேல்யூஸ் பற்றிப் பேச்சும் ஜட்ஜுகளின் கருத்தும். ரோபோவையும், கோடின் ஒரு பகுதியைத் திரையிலோ பிரின்ட்டாகவோ கொண்டுபோக வேண்டும். கோச் பார்க்கலாம், பேசக் கூடாது.

ரோபோ டிசைனுக்கு ஜட்ஜ் கையில் 'ரூப்ரிக்' என்ற மதிப்பீட்டுத் தாள் இருக்கும். அதில் ஐந்து பகுதிகள்:

1. கண்டறிதல்: எந்த மிஷன்களை எடுப்பது என்று தெளிவான திட்டம் இருந்ததா? அதற்குத் தேவையான கட்டுமான, கோடிங் திறன்களைத் தேடிக் கற்றார்களா?
2. வடிவமைத்தல்: வேலைத்திட்டம் இருந்ததா? தேவைப்பட்டபோது உதவி கேட்டார்களா? வடிவமைப்பில் புதுமை உண்டா?
3. உருவாக்குதல்: ரோபோவும் கோடும் அந்தத் திட்டத்துக்குப் பொருந்துகின்றனவா? சென்சார் எதற்கு என்று விளக்க முடிகிறதா?
4. திரும்பத் திரும்ப மேம்படுத்துதல்: சோதித்த ஆதாரம் இருக்கிறதா? சோதனையில் தெரிந்ததை வைத்து எதை மாற்றினார்கள்?
5. எடுத்துச் சொல்லுதல்: செய்த முறையைத் தெளிவாக விளக்கினார்களா? எல்லாப் பிள்ளைகளும் பங்கெடுத்தது தெரிகிறதா?

ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலை. 1 என்றால் இப்போதுதான் தொடக்கம். 2 என்றால் வளர்ந்துவருகிறது, ஆனால் சீராக இல்லை. 3 என்றால் எதிர்பார்ப்பைச் சீராக எட்டியாச்சு. 4 என்றால் எதிர்பார்ப்பைத் தாண்டியது. 4 போடும் ஜட்ஜ், டீம் எப்படித் தாண்டியது என்று ஒரு வரி எழுதவும் வேண்டும்.

ஒரே கேள்வி, மூன்று பதில்

'கலர் சென்சாரை ஏன் இங்கே பயன்படுத்தினீர்கள்?' என்று ஜட்ஜ் கேட்கிறார். எடுத்துக்காட்டாக மூன்று பதில்களைப் பார்ப்போம்.

முதல் பதில்: 'கோட்டைப் பார்க்க.' சரிதான், ஆனால் டீம் என்ன யோசித்தது என்று ஜட்ஜுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது: 'முதலில் தூரத்தை மட்டும் வைத்து ஓட்டினோம். சில நேரம் மாடலைத் தாண்டிப் போனது. அதனால் கோட்டில் நிற்கிற மாதிரி மாற்றினோம்.' பிரச்சினையும் தீர்வும் இருக்கின்றன.

மூன்றாவது: 'தூரத்தை மட்டும் வைத்து 10 முறை ஓட்டினோம், 6 முறை சரியாக நின்றது. கோட்டில் நிற்கும்படி மாற்றி 10 முறை ஓட்டினோம், 9 முறை நின்றது. தவறிய ஒரு முறை அறையில் வெளிச்சம் மாறியிருந்தது. அதனால் இப்போது ஆட்டத்துக்கு முன்னால் கறுப்பு, வெள்ளை அளவை மறுபடி எடுத்துக்கொள்கிறோம்.' இதில் சோதனை, எண், காரணம், அடுத்த திருத்தம் நான்கும் இருக்கின்றன.

மூன்று டீமின் கோடும் ஒரே மாதிரி இருக்கலாம். மார்க் ஒரே மாதிரி இருக்காது.

மற்ற இரண்டு கால் பங்கு

இன்னோவேஷன் புராஜெக்ட்டில் ரோபோ தேவையே இல்லை. தீம் தொடர்பான பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, அந்தத் துறையில் இருப்பவர்களிடம் பேசி, ஒரு தீர்வை உருவாக்கி, அதைப் பிறரிடம் காட்டி, அவர்கள் சொன்னதை வைத்து மாற்ற வேண்டும். மேசையில் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் இந்தக் கால் பங்கை ஈடுகட்ட முடியாது.

கோர் வேல்யூஸுக்குத் தனித் தேர்வு இல்லை. ஜட்ஜ் அறையில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதிலும், மேசை அருகே காட்டும் நடத்தையிலும் அது வருகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நடுவர் 'கிரேஷியஸ் புரொஃபஷனலிசம்' என்ற மார்க்கை 2, 3, 4 என்று போடுவார். கடுமையாகப் போட்டி போடு, ஆனால் எதிராளியை மதி என்பதுதான் இதன் சாரம். இந்தச் சொல்லைத் தந்தவர் எம்ஐடி பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ். தோற்ற டீமிடம் போய் ஸ்பேர் கேபிள் கொடுப்பதும், நடுவரிடம் கத்தாமல் விளக்கம் கேட்பதும் இங்கே மார்க்.

பெரியவர்கள் எதுவரை உதவலாம்?

இந்தப் போட்டியின் அடிப்படை விதி ஒன்றுதான்: வேலையைப் பிள்ளைகள் செய்ய வேண்டும். பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கலாம், கேள்வி கேட்கலாம், எங்கே தேடலாம் என்று காட்டலாம். புரோகிராமை எழுதித் தரக் கூடாது. ரோபோவைக் கட்டித் தரவும் கூடாது.

தினமும் கோட் எழுதுகிறவர்களுக்கு இது நாம் நினைப்பதைவிடக் கஷ்டம். 12 வயதுப் பிள்ளை அரை மணி நேரமாக ஒரு லூப்பில் மாட்டிக்கொண்டிருக்கும்போது, நமக்குத் தவறு எங்கே என்று 5 விநாடியில் தெரிந்துவிடும். கை தானாக லேப்டாப் பக்கம் போகும். 'நான் இதை மட்டும் சரிபண்ணிடறேன்' என்று ஆரம்பித்தால், மாத முடிவில் கோடில் பாதி நம்முடையதாக இருக்கும்.

இதில் விதி மீறல் மட்டும் பிரச்சினை இல்லை. மேலே சொன்ன ரூப்ரிக்கை மறுபடி பாருங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த அழகான லைன் ஃபாலோயர் கோட் மேசையில் புள்ளி வாங்கித் தரும். ஜட்ஜ் 'இந்த எண்ணை ஏன் 0.6 என்று வைத்தீர்கள்?' என்று கேட்கும்போது டீம் முழுக்க மௌனமாக நிற்கும். பிள்ளைகளே எழுதிய, கொஞ்சம் ஆடி ஆடிப் போகும் எளிய கோட், 'இடதில் கறுப்பு வந்தால் இடது பக்கம் திரும்பும், ஆடாமல் போக வைக்க இன்னும் முயற்சி பண்றோம்' என்ற பதிலோடு அதிக மார்க் வாங்கலாம். உதவி செய்வதாக நினைத்து, டீமின் மார்க்கையும் பிள்ளையின் நம்பிக்கையையும் ஒன்றாகக் குறைத்துவிடுகிறோம்.

டீமுக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. நன்றாகக் கோட் எழுதத் தெரிந்த ஒரே பிள்ளையிடம் லேப்டாப் நிரந்தரமாகப் போய்விடும். மற்றவர்கள், பல நேரம் பெண் பிள்ளைகள், சார்ட் வரைவதற்கும் பேசுவதற்கும் ஒதுக்கப்படுவார்கள். எல்லோருடைய பங்கும் தெரிய வேண்டும் என்று ரூப்ரிக் கேட்பது இதனால்தான். யார் லேப்டாப்பைத் தொடவே இல்லை என்று வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

செட் வாங்க வசதியில்லாத பள்ளிக்கு இது பயன்படுமா?

லெகோ செட் விலை அதிகம். பல அரசுப் பள்ளிகளுக்கு இந்தப் போட்டியில் சேர்வதே எட்டாத தூரம். ஆனால் இந்த மதிப்பீட்டு முறைக்கு லெகோ தேவையில்லை.

நிதி ஆயோக்கின் அடல் இன்னோவேஷன் மிஷன் நாடு முழுவதும் 10,000 பள்ளிகளில் அடல் டிங்கரிங் லேப் அமைத்திருக்கிறது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கான இந்த லேப்களுக்கு, பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். 2025-26 மத்திய பட்ஜெட்டில், அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 லேப்கள் அமைக்கப்படும் என்று அறிவித்தார்கள். இந்த லேப்களுக்குத் தன்னார்வ மென்டார்களைச் சேர்க்க 'மென்டார் இந்தியா' என்ற திட்டமும் உண்டு.

இங்கே ஆர்டுயினோ போர்டும் சாதாரண மோட்டாரும் வைத்துச் செய்யும் ரோபோவை லெகோ போட்டிக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் அதே ஐந்து கேள்விகளை வைத்து ஒரு பள்ளி தன் மாணவர்களின் புராஜெக்ட்டை மதிப்பிடலாம். 'ரோபோ ஓடியதா, இல்லையா' என்று மட்டும் மார்க் போட்டால், விலை உயர்ந்த மோட்டார் வாங்கிய டீம் ஜெயிக்கும். 'என்ன சோதித்தீர்கள், எதை மாற்றினீர்கள்' என்று கேட்டால், யோசித்த டீம் ஜெயிக்க வழி இருக்கிறது.

நீங்கள் மென்டாராகப் போனால்

- முதல் நாளே அந்த சீசனின் விதிப் புத்தகத்தையும் ரூப்ரிக்கையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். மார்க் எதற்கு என்று தெரியாமல் மூன்று மாதம் உழைப்பது வீண். விதிகள் சீசனுக்கு சீசன் மாறும். நடுவில் வரும் அதிகாரபூர்வ அப்டேட்களையும் பாருங்கள்.
- ஒரு சோதனை நோட்டு தொடங்குங்கள். தேதி, எந்தப் பயணம், 10-க்கு எத்தனை முறை சரி, என்ன மாற்றினோம். நாலு பத்தி போதும். ஜட்ஜ் அறையில் இதைவிட வலுவான ஆதாரம் கிடையாது.
- எல்லா மிஷனையும் எடுக்க விடாதீர்கள். 10-க்கு 9 முறை நடக்கும் 5 மிஷன், 10-க்கு 4 முறை நடக்கும் 10 மிஷனைவிடப் பெரும்பாலும் மேல்.
- கோடின் பழைய பதிப்புகளைத் தேதி போட்டுச் சேமிக்கச் சொல்லுங்கள். போட்டிக்கு முந்தின ராத்திரி 'நேற்று ஓடினது' என்று தேடும்போது அது கைகொடுக்கும்.
- முழுச் சார்ஜிலும், சார்ஜ் குறைந்த நிலையிலும், வேறு வெளிச்சத்திலும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டி அரங்கின் விளக்கு உங்கள் வரவேற்பறை விளக்கு மாதிரி இருக்காது.
- போட்டிக்கு ஒரு வாரம் முன்பு நீங்களே ஜட்ஜாக உட்காருங்கள். கோடில் ஒரு வரியைக் காட்டி, அதை எழுதாத பிள்ளையிடம் 'இது என்ன செய்யுது?' என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அடுத்த வாரம் எதில் செலவழிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.
- உங்கள் கையை லேப்டாப்பிலிருந்து தள்ளியே வையுங்கள். பதிலுக்குப் பதில் கேள்வி: 'ரோபோ எங்கே நின்றது? எங்கே நிற்கும் என்று நினைத்தாய்? இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது?'

இந்த மூன்று கேள்விகளைத் தானாகக் கேட்டுக்கொள்ளப் பழகிய பிள்ளைக்கு, போட்டியில் கோப்பை கிடைக்காமல் போகலாம். ஆனால் அடுத்த ரோபோ நடுவழியில் நிற்கும்போது அது யாரையும் கூப்பிடாமல் நோட்டை எடுத்து எழுத ஆரம்பிக்கும்.